முட்டை கழுவிய வாளி

அவளுக்கென்று வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தத் தையல் தொழிற்சாலையில் போய் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்று கையை விரித்துவிடுவார்கள். கேன்டீன் பினாயில் அக்கா என்று கேட்டால்தான் வாசல் காவலாளி முதல் மேல்மாடி மேனேஜர் வரை எல்லாரும் ஒரே திசையில் கை காட்டுவார்கள். அவள் வருவதற்கு முன்பே அவள் வாசம் வந்துவிடும். அக்கா சமையலில் உப்பு குறைந்தாலும் குறையும், பினாயில் குறையாது என்று மெஷின் ஓட்டுகிற பெண்கள் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டே சீண்டுவார்கள். அவளும் கரண்டியை ஓங்கிக்கொண்டு பதில் சொல்வாள்.

"என் சாப்பாட்டைத் தின்னுட்டு எவளாவது வயித்தைப் பிடிச்சிருக்கியா? அதைச் சொல்லு மொதல்ல."

சொல்ல ஆளில்லை. பன்னிரண்டு வருடம், முந்நூறு தொழிலாளர்கள், அவர்கள் வேலை முடியும்வரை பின்கட்டுக் காப்பகத்தில் இருக்கும் நாற்பது குழந்தைகள். ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அந்தப் பன்னிரண்டு வருடப் பெருமை ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டோடு முடிந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் போவதற்கு முன்னால், ஒரு மனுஷிக்குச் சுத்தம் ஏன் இப்படி வெறியாகப் பிடித்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நான்கு வயதுத் தம்பி ஒருவன் இருந்தான். இரண்டே நாள் வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் காலையில் உதடு காய்ந்து, கண் உள்ளே போய், ஆஸ்பத்திரிப் படியில் அம்மாவின் மடியிலேயே அடங்கிப்போனான். அங்கிருந்த நர்ஸ் ஒருத்தி அவசரத்தில் ஒரு வார்த்தை கேட்டாள்: "கை கழுவாம ஊட்டினீங்களா?" கேட்டவள் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டாள். கேட்கப்பட்டவள் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் இருபது வருடம் உயிரோடு இருந்த அம்மா, யாருக்கும் தன் கையால் ஒரு வாய் ஊட்டவில்லை. மகளுக்கு ஜுரம் வந்தால்கூடத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த வீட்டில் வளர்ந்த பெண், கல்யாணமாகிப் போன இடத்தில் முதல் வேலையாகக் கதவுக் கொண்டியைத் துடைத்தாள் என்றால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது.

போன இடத்தில் அவள் மூத்த மருமகள். புருஷன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் சாலையில், மீதி நாள் தூக்கத்தில். கொழுந்தன் அதே தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவன். அவனைக் கட்டிக்கொண்டு வந்தவள்தான் சின்னவள். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி, சுவரில் ஒரு கதவு வைத்துக் குடியிருந்தார்கள். ஓரகத்திகள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். சின்னவள் ஈரக் கையைப் புடவையில் துடைப்பவள், கீழே விழுந்த கரண்டியை ஊதிவிட்டு எடுத்துக்கொள்பவள், எப்போதும் சிரிப்பவள். பெரியவளுக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அவள் தலையில் ஊற்ற வேண்டும்போல இருக்கும்.

ஆனால் அந்தச் சின்னவள் வயிற்றில்தான் சிட்டு பிறந்தாள்.

பெரியவளுக்குப் பிள்ளை இல்லை. பத்து வருடம் டாக்டர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, இனி இல்லை என்று மனதைக் கல்லாக்கிக்கொண்ட வருடத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது. நடக்கத் தெரிந்ததும் அந்தக் குழந்தை நேராக நடுக்கதவைத் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தது. இப்போது நான்கு வயது. காலையில் பல் தேய்க்க, மதியம் சாப்பிட, மாலையில் கதை கேட்க எல்லாவற்றுக்கும் பெரிம்மா. காப்பகத்தில் நாற்பது குழந்தைகள் ஸ்பூனால் தின்னும்போது சிட்டு மட்டும் வாயைத் திறந்துகொண்டு சமையலறை வாசலில் வந்து நிற்பாள். பெரியவள் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து ஊட்டுவாள். பெத்தவ நான், பேரு உங்களுக்கு என்று சின்னவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு மட்டும் பெரியவளுக்குப் பிடிக்கும்.

இனி முட்டைக்கு வருவோம்.

வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை, பண்ணையிலிருந்து கேன்டீனுக்குப் பத்து அட்டை முட்டை வரும். அட்டைக்கு முப்பது. பண்ணை முட்டை எப்படி வரும்? ஒன்றில் எச்சம் காய்ந்திருக்கும், ஒன்றில் இறகு ஒட்டியிருக்கும். வேறு எந்தச் சமையற்காரியாக இருந்தாலும் அட்டையை அப்படியே மூலையில் அடுக்கிவிட்டு, தேவைப்படும்போது எடுத்து வேகவைப்பாள். பெரியவளால் முடியாது. அந்த அழுக்கோடு ஒரு முட்டை அவள் சமையலறையில் ஒரு ராத்திரி இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. நீல வாளியில் குளிர்ந்த தண்ணீர் பிடித்து, கைக்கு ஆறு முட்டையாக முக்கி, விரலால் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்து, அட்டையில் அடுக்குவாள். முந்நூறு முட்டைக்கும் அதே வாளி, அதே துணி. முடிந்தபின் முட்டைகள் முத்துப்போல நிற்கும். வெளியூர் விருந்தினர் வந்தால் மேனேஜர் கூட்டிவந்து காட்டுவார். அவள் தலை குனிந்து நிற்பாள். நெஞ்சு மட்டும் நிமிர்ந்திருக்கும்.

பன்னிரண்டு வருடம் அந்த முட்டைகள் எல்லாம் கொதிக்கிற தண்ணீருக்குள்தான் போயின. அதனால் ஒன்றும் தெரியவில்லை.

அந்த மாதம் மேல்மாடியிலிருந்து புது உத்தரவு வந்தது. செவ்வாய்க்கிழமைகளில் ரொட்டிக்கு நடுவே காய் வைத்து, மேலே வெள்ளைச் சாஸ் தடவிக் கொடுக்க வேண்டுமாம். மயோனைஸ். கல்யாணத்துக்கு முன்பு பேக்கரியில் வேலை பார்த்துவிட்டு, இப்போது கேன்டீனில் பெரியவளுக்குக் கீழே வேலை செய்யும் சின்னவளுக்கு அது கைவந்த கலை. பச்சை மஞ்சள் கருவை அடித்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எலுமிச்சை பிழிந்து கண்ணிமைக்கும் நேரத்தில் வெண்ணெய் போல ஆக்கிவிடுவாள். முதல் வாரமே தொழிலாளர்கள் இரண்டாம் தரம் வாங்க வரிசையில் நின்றார்கள். குழந்தைகள் விரலை நக்கினார்கள். சிட்டுகூட அன்றைக்கு மட்டும் ரொட்டியைத் தானே பிடித்துத் தின்றாள். பன்னிரண்டு வருடம் கரண்டி பிடித்தவளை விட்டுவிட்டு நேற்று வந்தவளைப் புகழ்ந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? பெரியவள் அந்தச் சாஸை விரலால்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கே சாஸ் தயாராகிவிட்டது. பரிமாறும் மேஜையில், ஜன்னல் வெயில் படும் இடத்தில், ஒரு மணிவரை இருந்தது.

புதன்கிழமை காலையில் முதல் மெஷின் வரிசையில் பதினோரு இடம் காலி. மதியத்துக்குள் கழிப்பறை வாசலில் வரிசை. வயிற்றை முறுக்கும் வலி, போக்கு, ஜுரம், நடுக்கம். காப்பகத்தில் இருபத்திரண்டு குழந்தைகள் சுருண்டு கிடந்தார்கள். பெரியவள் செய்தி கேட்டதும் என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? எது தெரியுமோ அதைச் செய்தாள். மேஜை, தரை, வாளி, துணி, அடுப்பு, சுவர் எல்லாவற்றையும் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் போட்டு இரண்டு மணி நேரம் தேய்த்துக் கழுவினாள். கழுவக் கழுவ அவளுக்கு ஒன்று உறுதியானது. தன் சமையலறையில் தன்னால் எதுவும் நடந்திருக்க முடியாது. அப்படியானால் வேறு யாரால்?

அன்று சின்னவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

வியாழக்கிழமை காலை சிட்டு கண்ணைத் திறக்கவில்லை. உடம்பு அடுப்புக் கல்லாகச் சுட்டது. கொழுந்தன் தூக்கிக்கொண்டு ஓட, ஓரகத்திகள் இருவரும் பின்னால் ஓடினார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரம் முழுக்கத் தொழிற்சாலை முகங்கள். டாக்டர் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்து சிட்டுவிடம் நின்றார். நின்றவர் நகரவில்லை. இதில் பெரும்பாலானவர்கள் தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் குடித்து ஒரு வாரத்தில் தானாகத் தேறிவிடுவார்கள், சின்னக் குழந்தைகளில் சிலருக்குத்தான் கிருமி குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் போய்விடும், இவளுக்குப் போய்விட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றார்.

அதைக் கேட்டதும் பெரியவள் கண்ணுக்கு ஆஸ்பத்திரிப் படியும், தம்பியின் காய்ந்த உதடும் தெரிந்தன. பயம் எப்போதும் ஒரு கழுத்தைத் தேடும். அவள் திரும்பினாள். சின்னவள் புடவையில் கை துடைத்துக்கொண்டு நின்றாள்.

"உன் கைதான்டி," என்றாள் பெரியவள். தாழ்வாரமே கேட்டது. "நூறு தடவ சொன்னேன். கழுவுடி, கழுவுடின்னு. கேட்டியா? பெத்த பொண்ணுக்கே உன் கையால வெஷம் வெச்சுட்டியேடி."

ஒரு தாய் தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவளுக்கும் நேத்து வயிறு சரியில்லையாமே என்று ஒரு குரல் முணுமுணுத்தது. கொழுந்தன் "அண்ணி, விடுங்க" என்றான்; ஆனால் மனைவியின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னவள் அழவில்லை. தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

அந்தப் பார்வையைப் பெரியவள் எங்கோ பார்த்திருக்கிறாள். எங்கே என்று அந்த நேரத்துக்கு நினைவு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மூடிக் கிடந்த கேன்டீனுக்குச் சுகாதார ஆய்வாளர் வந்தார். ஒல்லியான பெண்மணி, தோளில் ஐஸ் பெட்டி, கையில் பேனா. மேனேஜர் பெரியவளை முன்னால் தள்ளினார். எங்கள் அக்காவைப் பார்த்தால் உங்களுக்கே சந்தேகம் தீர்ந்துவிடும் என்று சொல்லிவிட்டு மேல்மாடிக்குப் போய்விட்டார். ஆய்வாளர் ஒவ்வொன்றாகக் கேட்டார். சாஸ் மிச்சம் இருக்கிறதா? இல்லை, பாத்திரத்தைத் தேய்த்துவிட்டோம். வேலை செய்பவர்களிடம் மலப் பரிசோதனைக்கு டப்பா கொடுத்தார். வியாதி யாரிடமிருந்து என்று அதற்குள் கேன்டீனே சொல்லிவிட்டிருந்தது. அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

"முட்டை வந்ததும் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

பெரியவளுக்கு இரண்டு நாளில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது. பரீட்சையில் தெரிந்த கேள்வி. நீல வாளியை எடுத்துக் காட்டினாள். துணியைக் காட்டினாள். குளிர்ந்த தண்ணீர், ஆறாறு முட்டை, ஓடு தேய்த்துக் கழுவுவது, துடைப்பது, அடுக்குவது. ஒன்றையும் விடாமல் சொன்னாள். மிச்சமிருந்த இரண்டு அட்டை முத்துக்களையும் கொண்டுவந்து வைத்தாள்.

பேனா நின்றுவிட்டது.

"எத்தன முட்டைக்கு ஒரு வாளித் தண்ணி?"

"எல்லாத்துக்கும் ஒரே வாளிதான் மேடம். தண்ணிய வீணாக்க மாட்டேன்."

ஆய்வாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"உக்காருங்கம்மா. முட்டை ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத துளை ஆயிரக்கணக்குல இருக்கு. கோழி போடும்போதே அது மேல மெல்லிசா ஒரு பூச்சு இருக்கும். அதுதான் காவல். நீங்க தேய்ச்சதுல அது போயிடுச்சு. குளுந்த தண்ணில முக்கினா முட்டை உள்ள இருக்கிறது சுருங்கி, வெளிய இருக்கிறத உறிஞ்சும். வாளித் தண்ணில எச்சம் கரைஞ்சிருக்கு. ஒரு முட்டைல இருந்த கிருமி, முந்நூறுக்கும் போக வழி ஆச்சு."

சால்மோனெல்லா என்று அதற்கு ஒரு பெயர் சொன்னார். வேகவைத்தால் செத்துப்போகும், பச்சையாக அடித்து வெயிலில் ஐந்து மணி நேரம் வைத்தால் பெருகும் என்றார். கெட்டுப்போன வாடையும் வராது, ருசியும் மாறாது, அதனால் தின்பவருக்குத் தெரியாது என்றார்.

பெரியவள் வாளியைத் தன் பக்கம் இழுத்தாள். "அப்ப... சாஸ் அடிச்சவ கை?"

"அவங்க கையாவும் இருக்கலாம். பரிசோதனை வரட்டும். ஆனா சாப்பிட்டவங்களுக்கு வந்தது அவங்களுக்கும் வந்திருக்கு, அவ்வளவுதான். எனக்கு என்னமோ வாளி மேலதான் கண்ணு." ஆய்வாளர் வாளிக்குள் குச்சியால் தடவி எடுத்து, முகர்ந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். "இதையும் பினாயில் போட்டுக் கழுவிட்டீங்க. இதுல ஒண்ணும் கிடைக்காது. மிச்ச முட்டைல கிடைச்சா உண்டு, இல்லன்னா இல்ல. ரிப்போர்ட் வர ரெண்டு வாரம் ஆகும். அதுவும் ஆபீசுக்குத்தான் வரும்."

ஆகவே உலகத்தில் அப்போதைக்கு அது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இன்னொருத்தி வாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிவிடுவது என்றுதான் நடந்தாள். வாசலில் ஏறும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. அவங்க கையாவும் இருக்கலாம் என்று ஆய்வாளரே சொன்னாரே. உறுதியாகத் தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது? குழந்தை தேறட்டும், அப்புறம் சொல்லலாம். குற்றமுள்ள நெஞ்சுக்கு நொண்டிச் சாக்குக்கா பஞ்சம்.

உள்ளே போனால், கட்டிலருகே கொழுந்தன் மட்டும் இருந்தான். சிட்டுவின் கையில் ஊசி ஏறியிருந்தது. உதடு வெடித்திருந்தது. சின்னவள் சுவரோரம், கட்டிலிலிருந்து நான்கு அடி தள்ளி நின்றாள். தொடுவதில்லையாம். நேற்றிலிருந்து தொடுவதில்லை. குழந்தை "அம்மா" என்று கை நீட்டினால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தாழ்வாரக் கோடியில் இருக்கும் குழாயடிக்குப் போய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து மறுபடி அதே நான்கு அடி தள்ளி நிற்கிறாள். "சொன்னாக் கேக்க மாட்டேங்கிறா அண்ணி" என்றான் கொழுந்தன். அண்ணி சிட்டுவின் போர்வையை இழுத்துவிட்டாள்.

சனிக்கிழமை ரத்தப் பரிசோதனை வந்தது. கிருமி ரத்தத்தில் இருந்தது. இரண்டு நாளாகக் கொடுத்த மருந்துக்கு அது அசையவில்லை. டாக்டர் மருந்தை மாற்றினார். இது கேட்டால் நாளைக்குள் ஜுரம் இறங்க வேண்டும் என்றார். கேட்காவிட்டால் என்ன என்பதை அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜுரம் இறங்கவில்லை. பெரியவள் ஈரத் துணியால் சிட்டுவின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சுவரோரத்திலிருந்து சின்னவள் வந்தாள். கட்டிலுக்கு வரவில்லை, பெரியவளுக்குப் பின்னால் நின்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அக்கா. இவ பொழைச்சிட்டா நீங்களே வெச்சுக்கங்க."

பெரியவளின் கை நெற்றியிலேயே நின்றது.

"உங்க பக்கமே இருக்கட்டும். உங்களைத்தான் அவளுக்குப் புடிக்கும். என் கை அவளுக்கு வேணாம்க்கா. நடுக்கதவை நான் பூட்டிக்கிறேன்."

சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டாள்.

வாசகர்களே, பத்து வருடம் டாக்டர் வாசலில் நின்று ஒருத்தி எதைக் கேட்டாளோ, அதை இன்னொருத்தி தாம்பாளத்தில் வைத்து நீட்டிவிட்டுப் போகிறாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சிட்டு அவள் பக்கத்தில் தூங்குவாள். பள்ளிக்கூடத்துக்கு அவள் கை பிடித்துப் போவாள். ஒருநாள் பெரிம்மா என்பதில் பாதி உதிர்ந்து அம்மா என்றே ஆகிவிடும். அந்தப் பாவி மனது அரை நிமிஷம் அதை முழுதாக வாழ்ந்தே பார்த்துவிட்டது. இல்லையென்று சொன்னால் நான் கதை விடுகிறேன் என்று அர்த்தம்.

அரை நிமிஷம்தான். தாழ்வாரக் கோடியிலிருந்து குழாய்ச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. அப்போதுதான் அந்தப் பார்வையை எங்கே பார்த்தோம் என்பது நினைவுக்கு வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்த உள்ளங்கைகள். இருபது வருடம் ஒரு வாய் ஊட்டாத கைகள். அம்மாவை அப்படி ஆக்கிய நர்ஸை வாழ்நாள் முழுக்கச் சபித்தவள், வியாழக்கிழமை இன்னொரு தாயிடம், அதைவிட உரத்த குரலில், அதையே செய்திருக்கிறாள்.

துணியைக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். அந்தத் தாழ்வாரம் அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது.

சின்னவள் குழாயடியில் குனிந்திருந்தாள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எங்கிருந்தோ கொண்டுவந்திருந்தாள். விரல் இடுக்குகளில் தோல் உரிந்து, தண்ணீர் லேசான சிவப்பாக ஓடியது. பெரியவள் குழாயை மூடினாள். நாரைப் பிடுங்கினாள்.

"உன் கை இல்லடி. என் வாளி."

சின்னவளுக்குப் புரியவில்லை. பெரியவள் சொன்னாள். எச்சம், குளிர்ந்த தண்ணீர், கண்ணுக்குத் தெரியாத துளைகள், ஒரே துணி, ஆய்வாளர் போட்ட நாற்காலி. அவங்க கையாவும் இருக்கலாம் என்று அவர் சொன்னதையும் மறைக்கவில்லை. ஆனால் தனக்கு அதில் நம்பிக்கையில்லை என்றும் சொன்னாள். சொல்லிக்கொண்டே ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுத்தக்காரி, ஆஸ்பத்திரிக் குழாயடித் தரையில்.

சின்னவள் பெரியவள் கையிலிருந்த கம்பி நாரைப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"முந்தாநேத்து."

"முந்தாநேத்து," என்று சின்னவள் திருப்பிச் சொன்னாள். "ரெண்டு நாளா அவ கைய நீட்டிக் கூப்பிட்டாளே அக்கா. நான் தொடலக்கா."

அதற்குமேல் அவள் அங்கே நிற்கவில்லை. ஈரக் கையை ஓடிக்கொண்டே புடவையில் துடைத்தாள். பெரியவள் பின்னால் வந்து அறை ஜன்னல் கண்ணாடி வழியே பார்த்தாள். சின்னவள் கட்டிலில் ஏறி, ஊசிக் குழாயை ஒதுக்கி, குழந்தையை அப்படியே வாரி நெஞ்சில் போட்டுக்கொண்டாள். பிறகு கொழுந்தன் வந்து கதவைச் சாத்தினான். அண்ணி உள்ளே வர வேண்டாம் என்று அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பெரியவள் அந்த மூடிய கதவுக்கு வெளியே, பெஞ்சில், மாலைவரை உட்கார்ந்திருந்தாள். ஆறு மணிக்கு நர்ஸ் வெளியே வந்து பக்கத்து அறைக்காரியிடம் சொன்னது காதில் விழுந்தது. அந்தச் சின்னப் பொண்ணுக்கு வேர்த்திருக்கு, ஜுரம் இறங்குது. அவள் எழுந்து யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வாரம் கேன்டீன் திறந்தது. சாப்பாட்டு நேரத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும்போது அவள் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். காலையிலேயே அவளிடமிருந்து விஷயத்தைக் கேட்டுவிட்டிருந்த மேனேஜர் கையைப் பிடித்து இழுத்தார். ரிப்போர்ட் வரட்டும், பண்ணைக்காரன் பாடு என்று விட்டுவிடலாமே என்று பல்லைக் கடித்தார். அவள் கையை உதறினாள்.

"ஆஸ்பத்திரில நான் ஒண்ணு சொன்னேன். கேட்டவங்க இங்க நிறையப் பேரு இருக்கீங்க. அது பொய். அவ கையில ஒண்ணுமில்ல. முட்டையக் கழுவினது நான். உங்க புள்ளைங்க படுத்ததுக்குக் காரணம் நான்தான்."

முன் வரிசையில் ஒருவன் எழுந்தான். அவன் மகன் எட்டு நாள் கிடந்தவன். பாதிச் சாப்பாட்டை அவள் காலடியில் வைத்துவிட்டு வெளியே போனான். பினாயில் அக்கா என்று அன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் அவளை அடுப்படியிலிருந்து எடுத்துப் பாத்திரம் தேய்க்கும் பக்கம் போட்டார்கள். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

ரிப்போர்ட்டும் வந்தது. மிச்சமிருந்த இரண்டு அட்டையில் நான்கு முட்டைக்குள் கிருமி. சாப்பிட்டவர்கள் பலரிடம் இருந்த அதே கிருமிதான் சின்னவளிடமும் இருந்தது. அது முதலில் எங்கிருந்து கிளம்பியது என்று காகிதம் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அதைத் தேடியவர்கள் யாருமில்லை.

வீட்டில் நடுக்கதவு அந்தப் பக்கத்திலிருந்து தாழிட்டிருந்தது. சிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள் என்பது சுவர் வழியே கேட்ட இருமலில் தெரிந்தது. நடக்கிறாள் என்பது காலடியில் தெரிந்தது. லாரியிலிருந்து வந்த புருஷன், கதவைத் தட்டித்தான் பாரேன் என்றான். அவள் தட்டவில்லை. சுவரில் காது வைத்துக் குழந்தை சிரிக்கிறதா என்று கேட்பதோடு சரி. பத்தொன்பது நாள்.

இருபதாம் நாள் மாலை தாழ் விலகும் சத்தம் கேட்டது.

சிட்டுதான் முதலில் வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். வந்தவள் பழைய இடத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டினாள். பின்னால் தட்டோடு சின்னவள். தட்டில் நன்றாக வேகவைத்த ஒரு முட்டையும் கொஞ்சம் ரொட்டியும். சின்னவள் முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. விரல் இடுக்குகளில் தோல் புதிதாக இளஞ்சிவப்பாக வளர்ந்திருந்தது.

"நான் ஊட்டினா ரெண்டு வாய்க்கு மேல எறங்கல," என்றாள் சுவரைப் பார்த்துக்கொண்டு. "உங்களக் கேட்டே உசுர எடுக்கிறா."

தட்டைத் தரையில் வைத்தாள். பெரியவள் கை நீளவில்லை. மடியில் கிடந்த கைகளைத் திருப்பினாள். உள்ளங்கையைப் பார்த்தாள். புறங்கையைப் பார்த்தாள். மறுபடி உள்ளங்கை. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு எதுவும் தெரியவில்லை. தட்டை மெல்லக் குழந்தைப் பக்கம் தள்ளினாள், அம்மா தள்ளிய அதே மாதிரி.

சின்னவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குழாயடியும் கம்பி நாரும் அவளுக்கும் தெரியாததா? குனிந்து, தட்டைத் திரும்பப் பெரியவள் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

"கையக் கழுவிட்டு வந்து ஊட்டுங்கக்கா," என்றாள். "ஒரு தடவ கழுவினாப் போதும்."